விபத்தில்லாத ஆண்டின் விருந்துப் பக்கம்

ஒரு பழுப்பு உறை நிறையப் புகைப்படங்களைக் கேன்டீன் மேசைமேல் வைத்துவிட்டு, சூப்பர்வைசர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். "உன் கையெழுத்து நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க. விருந்துப் படத்தையெல்லாம் ஒட்டி, கம்பெனி ரிசப்ஷன்ல வெக்கற ஆல்பத்துக்கு ஒரு பக்கம் செஞ்சு குடு. அடுத்த வாரம் கஸ்டமர் வர்றாங்க" என்றார். எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் அல்ல அவர். நின்றபடியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அதனால் உறையைத் திறப்பதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் சுபாவமும் அப்படித்தான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே காய் நிறுத்தால் தராசைத்தான் பார்ப்பேன்.

ஓசூரில் கார்களுக்கு உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து நான் வந்து சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, இன்னும் கான்ட்ராக்ட்தான். ஒரு வருடம் முழுவதும் யாருக்கும் அடிபடவில்லை என்பதற்காகப் பாகலூர் சாலையில் ஒரு ஓட்டல் ஹாலில் நிர்வாகம் விருந்து வைத்தது. 'விபத்தில்லாத ஆண்டு' என்று பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். பிரியாணி, பன்னீர், குலாப் ஜாமூன், கடைசியில் ஐஸ்கிரீம். எங்களோடு வரிசையில் நின்று மேனேஜரும் தட்டு ஏந்தினார்.

ஞாயிற்றுக்கிழமை அறையில் சார்ட் பேப்பரை விரித்து, படங்களைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தேன். அப்போதுதான் அக்காவைக் கவனித்தேன். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் அவர். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமம். தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பத்திலிருந்து தொழிற்சாலைக்கு வந்த முதல் ஆள். என்னிடம் தமிழ், டிரைவரிடம் கன்னடம், பின் சீட்டுப் பெண்களிடம் தெலுங்கு என்று ஒரே மூச்சில் பேசுவார். பேசும்போது இரண்டு கைகளும் காற்றில் ஆடும். அப்படிப்பட்டவரின் இடது கை ஒரு படத்தில்கூட இல்லை. ஒன்றில் மேசைக்கு அடியில். ஒன்றில் பக்கத்துப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால். இன்னொன்றில் துப்பட்டாவுக்குள்.

எனக்கு முதலில் தோன்றியது மோதிரம். விருந்துக்கு முன்பு அவர் இரண்டு வாரம் லீவில் இருந்தார். காய்ச்சல் என்று சொன்னார்கள். திரும்பி வந்ததும், தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். பஸ்ஸில் பையை மடியில் வைத்து அதன் அடியில் கையை வைத்துக்கொள்வார். யாருக்கும் சொல்லாமல் கல்யாணம் முடித்துவிட்டார் என்று பின் சீட்டில் ஒரு பேச்சு ஓடியது. என்னிடம்கூட மறைத்துவிட்டாரே என்ற கோபத்தில், எல்லாப் படங்களிலும் அந்த மோதிரத்தைத் தேட ஆரம்பித்தேன்.

ஒரு படத்தில் அகப்பட்டது. பேனருக்குக் கீழே குலாப் ஜாமூன் பாத்திரத்தின் முன் நிற்கிறார். கிண்ணம் வலது கையில். கரண்டியை எடுக்க, தன்னை மறந்து இடது கையை நீட்டியிருக்கிறார். செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். மோதிரம் இல்லை. சுட்டு விரலில் வெள்ளைக் கட்டு. அந்தக் கட்டு, பக்கத்து விரலின் பாதி நீளத்துக்கு வருவதற்குள் முடிந்துபோயிருந்தது.

மறுநாள் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, விரல்ல என்னாச்சு?"

அவர் முகம் இறுகியது. "யாரு கேக்கச் சொன்னது?"

"யாரும் இல்லக்கா. போட்டோவுல பாத்தேன்."

"ஆல்பம் செய்யச் சொல்லி உன்கிட்ட குடுத்தது சூப்பர்வைசருதான? நான் வாயத் தொறக்கறனான்னு பாக்க அனுப்புனாரா?"

எழுந்துபோய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் அவரைச் சந்தேகப்பட்டதுபோல அவர் என்னைச் சந்தேகப்படக்கூடும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டு நாள் கழித்து அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சாரை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று டேப் சுற்றி மறைத்திருந்தார்களாம். விரல் போனதும், விபத்து பதிவாகிவிடும் என்று இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல், சூப்பர்வைசர் தன் காரிலேயே எல்லை தாண்டிக் கர்நாடகப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாராம். எக்ஸ்ரே, சீட்டு எல்லாம் சூப்பர்வைசரிடமே இருக்கிறதாம்.

"இந்தத் தடவ பெர்மனன்ட் லிஸ்ட்டுல என் பேர் வரும்னு சொல்லியிருக்காரு. நீ கை தெரியாத படமா பாத்து ஒட்டு பாப்பா."

"அவரு சொன்னத நம்புறீங்களாக்கா?"

"நம்பாம என்னா பண்றது?"

அக்கா சொன்னபடியே ஒட்டினேன். ஜாமூன் படத்தை மட்டும் என் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது. பக்கத்தை வாங்கிய சூப்பர்வைசர் ஒவ்வொரு படத்தையும் நிதானமாகப் பார்த்தார். "மீதிப் படம் எல்லாம் உறையில இருக்குதா?" என்றார். "இருக்கு சார்" என்றேன். "நல்லா செஞ்சிருக்க" என்றார். சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பெர்மனன்ட் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. அக்காவின் பெயர் இல்லை. அவர் பட்டியலைக் கடைசி வரை படித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சந்தோஷம் பாப்பா" என்று மட்டும் சொன்னார். அந்த மாதக் கடைசியில் அவருடைய கான்ட்ராக்டை நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறகுதான் அவர் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். வேலையை விட்ட பிறகு வயலில் பட்ட காயம் என்று நிர்வாகம் பதில் சொன்னதாகக் கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டை பஸ் ஏறினேன். ராத்திரி யானை வந்து மிதித்துவிட்டுப் போன ராகிக் கொல்லையில் அக்கா நின்றுகொண்டிருந்தார். படத்தை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பேனரில் இருந்த எழுத்துகளை வாய்க்குள் வாசித்தார்.

"இத இப்ப எதுக்குக் குடுக்கற? இதுக்குப் பின்னாடி யாரு இருக்கறாங்க?"

"யாரும் இல்லக்கா."

"அப்பறம் எதுக்கு இத்தன நாளு வெச்சிருந்த?"

அவர் படத்தை வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

தொழிலாளர் அலுவலக விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு பக்கம் மேனேஜரும் சூப்பர்வைசரும், எதிர்ப்பக்கம் அக்கா. அதிகாரி ஆல்பம் பக்கத்தையும் அந்தப் படத்தையும் அருகருகே வைத்து, "இந்தப் பக்கத்தைச் செய்தது நீங்களா? இந்தப் படமும் அதே விருந்தில் எடுத்ததா?" என்று கேட்டார். வீட்டில் அடைக்கவேண்டிய கடன், தம்பியின் படிப்பு என்று எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. அக்கா என்னை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்த பார்வை மட்டும்தான் தெரிந்தது. "ஆமாம் சார். உறையில இருந்து நான்தான் எடுத்து வெச்சேன்" என்றேன்.

அக்காவுக்கு நஷ்டஈடு கிடைத்தது. வேலையும் திரும்பக் கிடைத்தது. அவர்தான் வேண்டாம் என்றுவிட்டார். இப்போது ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி மண்டி ஒன்றில் கணக்கெழுதுகிறார். எப்போதாவது பார்த்தால் பேசுவோம். என் கேள்விக்கெல்லாம் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

சூப்பர்வைசரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். நான் இன்னும் அதே தொழிற்சாலையில்தான் இருக்கிறேன். என்னை ஏன் வேலையை விட்டு எடுக்கவில்லை என்று தெரியாது. நிரந்தரமானவளை எடுப்பது சுலபம் இல்லை என்பதாக இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் என் பெயர் எப்படி வந்தது என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. மூன்று வருடம் ஒழுங்காக வேலை பார்த்ததற்கா, கை தெரியாத படங்களாகப் பார்த்து ஒட்டியதற்கா? போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பழைய சூப்பர்வைசரை நேருக்கு நேர் பார்த்தேன். நின்று நலம் விசாரித்தார். கேட்டிருக்கலாம். அவர் என்ன சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை என்று தெரிந்ததால், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.