முட்டைக் கூடைக்கு ஓர் இடம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை, செங்கற்பட்டு பஸ் நிலையத்தில் என் மேல்துண்டு பறந்தது.

மேடையில் எனக்கு அணிவிக்கப்பட்ட துண்டு! அதை என் தோளிலிருந்து உருவி, உள்ளே நுழைந்த மாமல்லபுரம் பஸ்ஸின் ஜன்னல் வழியே எறிந்தவள் அக்கா மகள் பூங்கோதை. வயது ஏழு. துண்டு விழுந்த இருக்கை அவளுடையது. இது நம் ஊர்ச் சட்டம் அல்லவா? எந்த நீதிமன்றம் மறுக்கும்?

அன்று மாலை மாமல்லபுரத்தில் பட்டிமன்றம். 'குழந்தைக்கு இரக்கத்தைக் கற்றுத் தருவது வீடா, பள்ளியா?' அடியேன் வீட்டின் பக்கம். ஆகவே வீட்டாரையே அழைத்துச் சென்றேன். பெண்கள் இருக்கையில் தாயும் மகளும். அருகே கம்பியைப் பற்றியபடி நான்.

திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் முண்டியடித்து ஏறியது. நடுவே, கூடையொன்றைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி ஒரு முஸ்லிம் அம்மாள். கூடையில் வைக்கோல், வைக்கோலில் முட்டைகள்.

"இடிக்காதீங்கப்பா! முட்ட கீது!"

"அப்ப ஆம்லெட்டு போடும்மா, நாஸ்தாவாச்சு!" படிக்கட்டில் தொங்கிய பெல்பாட்டம் இளைஞர் ஒருவர்.

"போடறேன்டா... ஒன் மண்டையில!"

பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கூடையை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

இத்தகைய வாய்ப்பை நான் நழுவவிடுவேனா? குரலைச் சரிசெய்துகொண்டேன். "பூங்கோதை! பிறர் துன்பம் கண்டு இரங்குவதன்றோ மனிதப் பண்பு? எழுந்து இடம் கொடு!"

"நான் துண்டு போட்டேன், மாமா."

தீர்ந்தது. நான் கண்ட எதிரணிகளில் எதுவும் இத்தனை சுருக்கமாக என்னை மடக்கியதில்லை!

அக்கா என்னைப் போல் முழங்கவில்லை. மகளின் காதருகே குனிந்தாள். "அது இன்னாத்துக்கு முட்டைன்னு கேளு."

பூங்கோதை கேட்டாள்.

"எம் பொண்ணு வூட்டுக் கோழிய எல்லாம் கீரி அடிச்சுட்ச்சு, கண்ணு. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அது அடைக்குக் குந்திகினு கீது. இத்த வெச்சாத்தான் குஞ்சு."

"குஞ்சா? இதுக்குள்ளயா?"

அப்போது பார்த்து ஒரு வளைவு... டிரைவர் பிரேக் போட்டார். கூடை சாய்ந்தது. "ஐயோ!" என்று அலறியவள் பூங்கோதை, இரு கைகளும் தாமாகவே நீண்டிருந்தன.

கூடை அவள் மடிக்கு வந்தது. அடுத்த பள்ளத்தில் பஸ் குதிக்க, கூடையும் குதித்தது. சட்டென்று எழுந்தாள்.

"நீ குந்து அத்த. நான் ஒன் மடியில குந்திக்கிறேன். கூடை எம் மடியில."

மடிமேல் மடி, அதன்மேல் கூடை, முட்டைகளின் இடுக்கில் மெத்தையாக என் மேல்துண்டு! எந்த மேடையில் கிடைத்திருக்கும் அதற்கு இந்தப் பெருமை?

மாமல்லபுரத்தில் இறங்கும்போது ஒரு முட்டையும் உடையவில்லை. அந்த அம்மாள் பூங்கோதையின் கன்னத்தை வழித்து முத்தமிட்டுவிட்டுப் போனார்.

'இரக்கப்படு' என்று பிள்ளைகளுக்கு ஆணையிடுகிறோம். யார்மீது, எதற்காக? காட்டுகிறோமா? அக்கா காட்டினாள். அதற்கு அவளுக்கு ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

மாலையில் இதையே மேடையில் முழங்கினேன். வென்றது எங்கள் அணி — ஐயம் வேண்டாம்! தொண்டை மட்டும் கட்டிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் மீண்டும் துண்டு பறந்தது. மீண்டும் இடம் கிடைத்தது. அருகே ஒரு கர்ப்பிணிப் பெண் வந்து நின்றார். பூங்கோதை அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கூடையக் காணோமேம்மா?"

"வயித்தப் பாரு," என்றாள் அக்கா.

"உள்ள கீதா?" கண்கள் விரிந்தன. மறுகணம் எழுந்துவிட்டாள்.

எனக்கோ பெருமிதம் தாங்கவில்லை. "பூங்கோதை! இதுவன்றோ..." என்று கரகரத்த குரலில் தொடங்கினேன்.

எட்டி என் வாயைப் பொத்தினாள் குழந்தை.

"பேசாத மாமா... தொண்ட ஒடைஞ்சிடும்!"