உது என்றேன்

மீனவன் பிலிப்பின் படகு கடலடிப் பாறைத் திட்டான கற்பாரில் மோதிய செய்தி வந்தபோது, நான் படகின் பின்னால் பூட்டும் அவுட்போட் எஞ்சின் திருத்தும் கடையில் தலைமை மெக்கானிக்காக இருந்தேன். பிலிப் உயிரோடு வந்தான். ஆனால் முழங்கால் நொறுங்கிப் போயிருந்தது.

அப்போது என் மகன் நிமலன் ஏஜென்சிக்காரன் மூலம் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டு, வழியில் தொடர்பில்லாமல் போயிருந்தான். போனைப் பக்கத்தில் வைத்தபடி விழித்துக் கிடப்பேன். பகலில் கடைக்குப் போவேன். ஆனால் செய்ய நினைத்ததும் செய்து முடித்ததும் தலைக்குள் ஒன்றாகிவிட்டன. கையிலிருக்கும் ஸ்பானரையே தேடுவேன்.

பிலிப் தன் எஞ்சினைத் திருத்தத் தந்துவிட்டு, கடை எஞ்சினொன்றை இரவல் கேட்டிருந்தான். சுவரோரம் நின்றது சரியான எஞ்சின். என்னோடு வேலை செய்த குருநகர் யூட்டின் பக்கத்தில் நின்றதில், எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணிப் பம்பின் சுழலியான இம்பெல்லரை நானே கழற்றியிருந்தேன். திரும்பப் பூட்டவில்லை. பூட்டியதாகவே நினைத்திருந்தேன்.

"எதை அண்ணை குடுக்கிறது?" என்றான் யூட்.

நான் போனிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. சுவரோரம் நின்றதற்கு 'அது' என்றிருக்க வேண்டும். "உதைக் குடுத்துவிடு" என்றேன். எங்கள் பேச்சில் 'உது' என்றால் கேட்பவனுக்குக் கிட்ட இருப்பது.

"பரலிலை தண்ணி விட்டு ஒருக்கா ஓட்டிப் பாப்பமே?" என்று தண்ணீர்ப் பீப்பாயைக் காட்டினான்.

"நான் பாத்திட்டன். சொன்னதைச் செய்."

நடுக்கடலில் எஞ்சின் சூடேறி இறுகிவிட்டது. காற்று படகைப் பாரில் அடித்தது.

பிலிப்பின் தமையன் கடைக்கு வந்து, "ஆர் உந்த எஞ்சினைத் தந்தது?" என்று கேட்டார்.

யூட்டைக் காட்டி, "உவன்தான்" என்றேன். யூட் ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை. அதன்பிறகு வேறு கடைகளும் அவனைச் சேர்க்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்ந்த பிறகுதான் பிலிப்பிடம் போய் உண்மையைச் சொன்னேன். மடங்காத காலைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தான். "யூட்டிட்டைச் சொன்னனீங்களே?" என்று மட்டும் கேட்டான்.

யூட் இப்போது சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கிறான்.

அங்கே போய் உண்மையைச் சொல்லிவிட்டு, "அண்டைக்கு ஏனடா நீ வாய் திறக்கேல்லை?" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தான். "'உதைக் குடுத்துவிடு, நிமலன்' எண்டெல்லே அண்ணை என்னட்டைச் சொன்னனீங்கள். அந்தப் பேரைக் கேட்டாப் பிறகு நான் என்னத்தைக் கதைக்கிறது?"

அவனை என் மகனின் பேர் சொல்லிக் கூப்பிட்டது எனக்கு இன்றுவரை நினைவில்லை.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, நித்திரை கெட்ட நாட்களில் உங்கள் நினைவை நம்பாதீர்கள். யாராவது 'பரலில் ஓட்டிப் பார்ப்போம்' என்றால், ஓம் என்று சொல்லுங்கள்.