பழைய பந்தம்

என் பெயர் கன்னியப்பன். முப்பது வயது தாண்டியும் அந்தப் பெயரைக் கட்டிக் காப்பாற்றி வந்தேன். கள்ளிக்குப்பத்தில் வீடு; பல்கலைக்கழகத்தில் முடிகிற வழியே தெரியாத வேதியியல் ஆராய்ச்சி. பெண் வீட்டில் பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால், அம்மா "படிக்கிறான்" என்பாள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

1991-இல் ஆவடி குவார்ட்டர்ஸில் வசந்தகுமாரியைப் பெண் பார்க்கப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே அவள் யாரையோ அதட்டும் குரல் கேட்டது. அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று. இந்த இடமாவது தட்டிப்போகக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அவளுடைய அப்பா கஜபதி, டாங்க் ஃபேக்டரியில் ஃபோர்மேன். "இன்னா ஆராய்ச்சி தம்பி? புரியறாப்ல சொல்லு" என்றார்.

அதுவரை யாரும் கேட்டதில்லை. என் வாய் சும்மா இருக்குமா?

"செம்புத் தகடு மேல ஒரு மூலக்கூறு குந்திகினு இருக்கும் சார். தனியா உட்டா அசையாது. பக்கத்துல வேற ஒண்ண வச்சா, ஒண்ணு மின்னூட்டம் குடுக்கும், இன்னொண்ணு வாங்கிக்கும்."

அவர் விழித்தார். எளிமையாக்கினேன்.

"அதாவது, பழைய பந்தம் அறுந்துபோவும். அப்பால புதுசா ஒண்ணு சேரும்."

அவர் முகம் கறுத்தது. "யார் சொன்னாங்கோ உனக்கு?"

"எங்க புரொஃபசர்" என்றேன் பெருமையாக.

"விசயம் அவர் வரிக்கும் பூட்ச்சா!"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்போதும் விளங்காமல், "புக்லயே போட்டுக்கீது சார்" என்று வேறு சொன்னேன்.

வசந்தகுமாரி வெளியே வந்தாள். "மறைக்க வேணாம் நைனா. முன்னாடி ஒரு எடத்துல எனக்கு நிச்சயம் ஆச்சு. அவங்களே வேணாம்னு பூட்டாங்கோ." என் பக்கம் திரும்பினாள். "அதத்தானே குத்திக் காட்றீங்கோ?"

"ஐயோ, நான் செம்பைச் சொன்னேங்க!"

யாரும் சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. அவளை அழவைத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது. அத்தனை வருடம் படித்த படிப்பில் ஆறுதலாக ஒரு வார்த்தைகூட இல்லை.

அவள் நிதானமாகக் கேட்டாள். "பந்தம் அறுந்தா, கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்ருவீங்களா?"

"இல்லீங்க. அறுந்தாத்தான் அது இன்னொண்ணோட சேரும். அதுக்குத்தான் இத்தினி வருசமா காத்துகினு கீறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே காதில் விழுந்தது.

வசந்தகுமாரி அப்பாவைப் பார்த்தாள். "நைனா, எனக்குச் சம்மதம்."

என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.