கீத் அழித்ததெல்லாம் அச்சில் வந்த கதை

எழுபதுகளின் கடைசியில், மெல்பேர்னில், என் மேலாளர் எழுதிய கடிதம் மணி அடித்தது.

பொய்யில்லை.

ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் நான் புரோகிராமர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடம். பிரிவின் ஒரே பெண், ஒரே சேலை (வெள்ளிக்கிழமைகளில் மட்டும்).

மேலாளர் கீத் விசைகளைத் தட்டமாட்டார், குத்துவார். கை தவறி கன்ட்ரோல் விசையும் சேர்ந்து அமுங்கும். திரையில் தெரியாத குறிகள் கோப்புக்குள் போய்விடும்: மணியடி, பக்கம் தள்ளு, ஒரு எழுத்து பின்னால் போ.

திரை பேசாமல் இருக்கும். பிரிண்டர் சொன்னதையெல்லாம் செய்யும்.

அவருடைய ஒரு பக்கக் கடிதம் பதினொரு பக்கம் ஓடியது, நடுநடுவே டிங் டிங் என்று.

கீத் நேராக என் மேசைக்கு வந்தார். "உன் பாஷை எழுத்து எதையாவது உள்ளே விட்டிருக்கிறாயா?"

(ஓம் கீத், ழகரம்தான் மணி அடிக்கிறது.)

வாயால் சொன்னது, "பார்க்கிறேன்."

அன்றைக்கே ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பெயர் 'க்ளீன்'. அந்தப் பெயரை அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். அச்சில் வராத குறிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதியை அப்படியே வைக்கும்.

அடுத்த வாரம் கீத் ஒரு கோப்பின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். பிரிவிலுள்ள ஐந்து பேரைப் பற்றிய மதிப்பீடு. யாரை சீனியர் ஆக்குவது என்று பொது மேலாளர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். ஐவரில் நானும் ஒருத்தி.

"ரகசியம். நீ வாசிக்கக் கூடாது. க்ளீன் பண்ணி, பிரிண்ட் எடுத்து, நேராக மேலே அனுப்பு."

அப்படியே செய்தேன்.

பிரிண்டர் அறையில் வேலை பார்த்த மதுரைக்காரர் சேகர், பிரிண்டரிலிருந்து தாளைக் கிழித்தெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, இதைப் பாத்தீங்களா?"

"இல்லை. வாசிக்க வேண்டாமெண்டு சொன்னவர்."

"உங்க வரிய மட்டும் பாருங்க."

பார்த்தேன்.

'குழுவிலேயே திறமையானவர் ஆனால் ஓர் இந்தியப் பெண்ணுக்குக் கீழே நம் ஆட்கள் வேலை செய்யமாட்டார்கள்இன்னும் அனுபவம் தேவை.'

(இந்தியப் பெண்ணாம். அதுவும் பிழை.)

விஷயம் இதுதான். கீத் முதலில் மனதில் பட்டதை எழுதியிருக்கிறார். பிறகு எழுத்தெழுத்தாகப் பின்னால் போய், அதன் மேலேயே வேறொன்றை எழுதி, மிச்சத்தை வெற்றிடம் தட்டி மறைத்திருக்கிறார். திரையில் மேலே உள்ளது மட்டும்தான் தெரியும். என் புரோகிராம் 'பின்னால் போ' குறிகளைத் தூக்கியதும், அடியில் கிடந்ததும் வரிசையில் வந்து நின்றுவிட்டது.

அந்தக் கோப்பைக் கால் மணி நேரத்தில் திருத்தியிருக்கலாம். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தது உண்மை.

"வேற பிரிண்ட் எடுக்கட்டுமா அக்கா?"

"வேண்டாம் தம்பி. நேராய் மேல அனுப்பச் சொன்னவர். அனுப்பும்."

மறுநாள் காலை பொது மேலாளர் கூப்பிட்டார். கீத் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார், காதெல்லாம் சிவந்து.

"அவளுடைய புரோகிராமில் பிழை" என்றார்.

"அது எதையும் சேர்க்காது. இருப்பதெல்லாம் அவர் தட்டிய எழுத்து. எது உண்மை என்று அவரைத்தான் கேட்க வேண்டும்" என்றேன்.

பொது மேலாளர் கேட்கவில்லை. கீத்தை வெளியே போகச் சொன்னார்.

பதவி எனக்குக் கிடைத்தது. திறமைக்காகத்தான் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். கீத்தைத் தண்டிக்கும் விதமாக சிட்னிக் கிளைக்கு அனுப்பினார்கள், அங்கே இன்னும் பெரிய அறையில் உட்காரவைத்து.

அன்று கீத் வெளியே போனதும் நானும் எழுந்தேன். பொது மேலாளர் என்னை இருக்கச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"அழித்தது அழிந்தே போகிற மாதிரி உன் புரோகிராமை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நாள்."

"நல்லது. அதுவரை என் கோப்புகள் எதையும் தொடாதே."