பசவராஜ் போட்ட புள்ளிக்கோடு

திங்கட்கிழமை காலை பசவராஜின் எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தது. பதிலுக்கு நானும் ஒன்று விட்டேன். எங்கள் வழக்கம் அது. மறுபடி மணி அடித்துக்கொண்டே இருந்ததால் எடுத்தேன். அவன் அண்ணன். "மூணு நாள் காய்ச்சல்பா. தம்பி போயிட்டான்" என்றார். "சரிங்க" என்றேன். வாய்க்குப் பேர்போன எனக்கு அவ்வளவுதான் வந்தது.

நம் பாலிடெக்னிக் வகுப்பில் உங்கள் எல்லோருக்கும் அவனைத் தெரியும். தளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து முதல் பெஞ்சில் தூங்குவான். 'டம்மி பீஸ்' என்று பெயர் வைத்தது நான்தான். ஒரு வேலை முடிந்த பிறகே இன்னொன்றைத் தொடங்கலாம் என்று காட்ட, திட்ட வரைபடத்தில் புள்ளிக்கோடாகப் போடுகிறோமே, அந்த டம்மி. அதற்கு நேரமே ஆகாது. "லோ, சும்மா கிடக்கிற கோடுன்னு நெனச்சியா? அதைக் கேட்டுத்தான்டா அடுத்த வேலையே நகரும்" என்பான். அவன் வீட்டுக் கன்னடத்தில் 'லோ' என்றால் 'டேய்'.

போன மாதம் ஒரு தொழிற்சாலையின் பாய்லர் பராமரிப்புக்கு நாங்கள் இருவரும் திட்டம் போட்டோம். நன்றாக விளக்குபவனுக்கு ட்ரெய்னி இடம். எனக்கு மாமாவின் ஒர்க்‌ஷாப் இருந்தது. அவனுக்கு இது மட்டும்தான். விளக்க வேண்டிய நாள் காலை, அவன் தன் சார்ட்டில் பென்சிலால் போட்டிருந்த ஒரு புள்ளிக்கோட்டை அழித்து, ஒன்பது நாளை ஏழாக்கி வைத்தேன். முன்கூட்டியே கண்டுபிடித்துக் கத்துவான், சிரிக்கலாம் என்பது என் திட்டம். அவன் பார்க்கவில்லை.

"ஏழே நாளா?" மேலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

பசவராஜ் சார்ட்டையே பார்த்தான். "இல்லீங்க சார், ஒம்போது. இப்படிச் செஞ்சா உள்ள ஆள் இருக்கறப்பவே மூடிய மாட்டிருவோம். ஒரு கோடு விட்டுப்போச்சுங்க." சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அந்தக் கோட்டை அங்கேயே போட்டான்.

"உன் சார்ட்டே உனக்குத் தெரியலியேப்பா."

இடம் வேறொருவனுக்குப் போனது.

திரும்பும் பஸ்ஸில் அவன் சொன்னான்: "கோடு தானா அழியாதுடா." நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். "அழிச்சவன் மெதுவா சொல்லட்டும். ஸ்லாக் இருக்கு." ஒரு வேலையைத் தள்ளிப்போட இருக்கும் அவகாசத்தைத்தான் ஸ்லாக் என்கிறோம். எவ்வளவு என்று நான் கணக்குப் போடவில்லை.

தளியில் அவன் வீட்டு வாசலில் நின்றபோதும் அழுகை வரவில்லை. யாரோ கொடுத்த டீயைக் குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தார்களா, தெரியாது.

நண்பர்களே, அழித்தது நான். அவனிடம் சொன்ன பிறகுதான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். வரிசை தப்பிவிட்டது. சார்ட் என்னிடம் இருக்கிறது. அந்த ஒரு கோடு மட்டும் பேனாவில் இருக்கிறது. ரப்பருக்குப் போகாது.