மலரக்காவுக்குப் போட்ட தரை

என் அத்தான் பாலேந்திரா, தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதித்து வீடுகளைச் சூடாக்கிக் கொடுப்பவர். சட்டன், குரோய்டன் என்று இந்தக் குளிர்தேசத்து ஊர்களில் எத்தனையோ வெள்ளைக்காரரின் பாதங்கள் அவர் தயவில் இதமாக இருக்கின்றன. சொந்த வீட்டில் மட்டும் பழைய மரத்தரை, அதன்மேல் ஒரு தேய்ந்த கார்ப்பெட். "செய்யத்தானே போறன்" என்பார். அதைச் சொல்லிச் சொல்லியே இருபது மாரி போய்விட்டது. அதில் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

அவர் மனைவி வசந்தமலர் என் அக்கா. முன் அறையில் சாமிப்படம் இருப்பதால் வீட்டுக்குள் செருப்பே போடமாட்டாள். காலுறை போட்டால் வழுக்குகிறதாம். வெளியே பனி கொட்டினாலும் அவளுக்கு வெறுங்கால்தான்.

போன வருடம் அவளுக்குக் குடலில் புற்றுநோய் என்றார்கள். கீமோ ஏறத் தொடங்கியதும், குளிர் பட்டால் உள்ளங்காலில் ஊசி குத்துவதுபோல் வலித்தது. அப்போதும் சுவரைப் பிடித்துக்கொண்டு விரல்நுனியில் நடந்தாளே தவிர, நான் வாங்கிக் கொடுத்த செருப்பைத் தொடவில்லை.

"சாமி கும்பிடுற இடமடி. எனக்கு ஏலாது."

பிடிவாதத்தில் எங்கள் அக்காவை வெல்ல ஆள் இல்லை.

அத்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. வந்த வேலைகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு முன் அறைக் கார்ப்பெட்டைச் சுருட்டினார். "இவ இந்தத் தரையிலை சூடா நடக்கவேணும். அதுக்குப் பிறகுதான் எனக்கு மற்ற வேலை" என்றார்.

பலகைகளைக் கழற்றியவர் அப்படியே குந்திவிட்டார். இந்த மாதிரி வீடுகளில் தரை நிலத்தில் படுவதில்லை. மரச் சட்டங்களின்மேல் நிற்கும், கீழே வெறும் வெளி. அங்கே ஈரம் தங்காமல் காற்றுப் போய்வர, வெளிச்சுவரின் அடியில் துளை வைத்த செங்கற்கள் இருக்கும். வீடு வாங்கியதும் எங்கள் ஆட்கள் செய்கிற முதல் வேலை, குளிர் வருகிறது என்று அந்தத் துளைகளை அடைப்பது. அத்தானும் இந்தத் தொழில் பழகுமுன், அக்காவுக்குக் குளிருமே என்று துணியும் சீமெந்தும் வைத்து அடைத்திருக்கிறார். பிறகு வாசலில் பூச்சாடிகளை அடுக்கி, அதை மறந்தே போனார். இப்போது சட்டங்களின் நுனி உளுத்து, விரலால் குத்தினாலே உதிர்ந்தது.

"கௌசி," என்று என்னைப் பார்த்தார். "நான்தான். என்ரை கையாலைதான் அடைச்சனான்."

ஏசத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டேன்.

சட்டங்களை மாற்றுவதிலேயே வாரங்கள் ஓடின. பிறகு துளைகளைத் திறந்தார். சட்டங்களுக்கு இடையில் வலை கட்டி, சூடு கீழே இறங்காமல் இருக்க அதில் ஆட்டுரோமப் பஞ்சை இடைவெளி இல்லாமல் நிரப்பினார். மேலே அலுமினியத் தகடுகளை விரித்து, அவற்றின் பள்ளங்களில் குழாயை அழுத்தினார். மாடியில் படுத்திருந்த அக்கா சுத்தியல் சத்தத்தைக் கேட்டுச் சிரிப்பாள். "உந்த மனிசன் எனக்கு அரண்மனையெல்லோ கட்டுறார்."

அவள் மெலிந்துகொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி மருந்தில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். வெள்ளிக்கிழமை அனுப்புவதாகச் சொன்னவர்கள் வியாழனே அனுப்பிவிட்டார்கள். அன்று காலைதான் அத்தான் கடைசிப் பலகையை அடித்திருந்தார். சூடு இன்னும் போடவில்லை. புதுப் பலகையை எடுத்த எடுப்பில் சூடாக்கினால் வளைந்துவிடும் என்று, அன்று மாலை தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவதாக இருந்தார்.

நாங்கள் இருவரும் தாங்கிவந்து அவளைக் கதிரையில் இருத்தினோம். தரையின் குளிரில் என் கால் விறைத்தது. அக்கா இரண்டு பாதங்களையும் பலகையில் ஊன்றினாள். சாமிப்படத்தைப் பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, நல்ல சூடு. கால் குத்தேல்லை."

நான் வாய் திறக்குமுன் அத்தான் என் கையை இறுக்கிப் பிடித்தார். "ஓமப்பா, நல்லா வேலை செய்யுது" என்றார்.

அவள் காலில் உணர்ச்சியே இல்லை. சூடும் குளிரும் இனி அவளுக்கு ஒன்றுதான். எங்கள் இருவருக்கும் அது ஒரே நேரத்தில் விளங்கியது. அத்தான் எழுந்துபோய்த் தண்ணீர் சூடாக்கும் பொயிலரைப் போட்டார். மெல்ல மெல்ல இல்லை. முழுச் சூட்டையும் ஒரேயடியாகத் திருப்பிவிட்டார்.

மாசியில் அக்கா போய்விட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும், "அட, என்ன இதமான சூடு!" என்றார்கள். சாமிப்படத்துக்கு முன்னால் இரண்டு பலகை வளைந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

அத்தான் இப்போது அந்தச் சூடு காலில் படாமல் வீட்டுக்குள் செருப்புப் போட்டுத்தான் நடக்கிறார், சாமிப்படத்துக்கு முன்னாலும். நான் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த செருப்புத்தான் அது, பின்பக்கம் குதி வெளியே நிற்கிறது. அக்கா இருந்தால் வீட்டையே இரண்டாக்கியிருப்பாள். எனக்கும் ஏசவேண்டும்போல்தான் இருக்கிறது. இதுவரை ஏசவில்லை.