எஸ்தர் மறுபடி தண்ணீர் குடித்தாள்

மனு வந்தால் பதிவு அலுவலகம் வாகனத்தைப் பதிவு செய்ய வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது இந்த இரண்டைத்தான். மூன்றாவது வழி, அதாவது சும்மா இருப்பது, சட்டத்தில் இல்லை. 2007 தொடக்கத்தில் நான் அந்த மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

விசுவாசிகளே, ஓய்வு பெறும்வரை அரசாங்கக் கோப்புகளோடு குப்பை கொட்டியவன் நான். எந்த மனு எந்த மேஜையில் தூங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

என் மனைவி எஸ்தர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். இப்போது வாக்கரோடு நடக்கிறாள். குத்தவைத்து உட்கார முடியாது. சிறுநீரை அடக்கவும் முடியாது. ரயில் கழிப்பறையில் ஒருமுறை பட்ட பாட்டுக்குப் பிறகு, தாம்பரத்தை விட்டு எங்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள். நாகர்கோவிலில் எங்கள் ஒரே மகளுக்குப் பல வருடம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம். எஸ்தர் அந்தக் குழந்தையைப் போட்டோவில்தான் பார்த்திருந்தாள்.

அதனால்தான் டிரெய்லர். எங்கள் எஸ்.யூ.வி.க்குப் பின்னால் இழுத்துப் போக, ஒரு கட்டிலும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள சின்ன வண்டி. ஓடும்போது எஸ்தர் காரில் இருப்பாள், தேவைப்பட்டால் ஓரங்கட்டுவோம். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்தேன்.

"டிராக்டருக்குப் பின்னாடி போடுறது நெறைய செஞ்சிருக்கேன் சார். பாத்ரூமை இழுத்துகினு போறது இதான் ஃபஸ்ட்டு" என்றார் பட்டறைக்காரர்.

பதிவு அலுவலகத்தின் பெயர் வேண்டாம். மனுவில் உபயோகம் என்ற இடத்தில் 'சுற்றுலா' என்று எழுதினேன். டாய்லெட் என்று எழுதக் கூச்சம்.

"இதுல இன்னா சார் ஏத்துவீங்க?" என்றார் குமாஸ்தா.

"சரக்கு எதுவும் ஏத்தமாட்டேன்."

"அப்ப ஆளா?"

"ஓடும்போது ஆளும் இல்லை. நிக்கும்போதுதான்."

"நிக்கிற வண்டிக்கு எதுக்கு சார் ரிஜிஸ்ட்ரேஷன்?"

கேள்வியில் நியாயம் இருந்தது. கோப்பு விளக்கம் கேட்டு மேலே போனது. மேலே போனது கீழே வரவில்லை. நினைவூட்டல் எழுதினேன். பிறகு நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல். பதில் வருமா என்று வீட்டு வாசலுக்கும் கேட்டுக்கும் நடையாய் நடந்தேன். தபால்காரர் என்னைக் கண்டாலே சைக்கிளை வேகமாக மிதிக்க ஆரம்பித்தார்.

ஜெபமும் செய்தேன். அதுவும் மனு மாதிரிதான் வரும்: பொருள், பார்வை, பணிவான வேண்டுகோள். எஸ்தர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இதோட நகல் யார் யாருக்குங்க?" என்றாள்.

ஒரு முற்பகலில் அவள் சமையலறையில் மயங்கி விழுந்தாள். உடம்பில் தண்ணீரே இல்லை என்றார் டாக்டர். பிறகுதான் சொன்னாள்: "உங்க டிரெய்லர் வராதுன்னு தோணிச்சு. தண்ணி குடிக்காம இருந்தா பஸ்லயே போயிடலாமேன்னு பழகிப் பார்த்தேங்க."

அன்று முழங்காலில் நின்றேன். பொருள் இல்லை, பார்வை இல்லை. "ஆண்டவரே, இவள் தண்ணீர் குடிக்கட்டும்." அவ்வளவுதான் வந்தது. மிச்சமெல்லாம் அழுகை.

அடுத்த வாரமே டிரெய்லரை ஆய்வுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். எஸ்தரும் வந்தே தீருவேன் என்றாள். பெருங்களத்தூர் நெரிசலில் ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா பெருசு, வூட்டோட கிளம்பிட்டியா?" என்றார். எஸ்தர் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஆய்வு மைதானத்தின் வாசலில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்கள். டிரெய்லர் மாட்டிய காருக்கு ரிவர்ஸில் எல்லாம் தலைகீழ். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். அது எனக்குப் புத்தகத்தில் தெரியும், கைக்குத் தெரியாது. காரும் டிரெய்லரும் முழங்கை மாதிரி மடங்கி வாசலை அடைத்து நின்றன. பின்னால் லாரிகள். ஹாரன்.

"என்னங்க, அவசரம்" என்றாள் எஸ்தர்.

இறங்கி, வாக்கரை ஊன்றி, டிரெய்லருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"யோவ் பெருசு, வண்டிய எடுய்யா!" என்று கத்தினார் ஒரு லாரிக்காரர்.

எடுக்க முடியாது. உள்ளே ஆள் இருக்கும்போது டிரெய்லரை நகர்த்தக் கூடாது.

ஆய்வாளர் வேகமாக வந்தார். "உள்ள யார் சார்?"

"என் மனைவி."

"என்ன பண்றாங்க?"

மனுவின் நகலை எடுத்து நீட்டினேன். உள்ளிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது. கதவு திறந்தது.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. என்னால அடக்க முடியாது. பேத்தியைப் போய்ப் பார்க்கணும், அதுக்குத்தான் இந்த வண்டி" என்றாள் எஸ்தர், அத்தனை லாரிகளுக்கும் கேட்கிற மாதிரி.

ஆய்வாளர் வாக்கரை வாங்கிக் கீழே வைத்து, அவள் இறங்கக் கை கொடுத்தார். "எங்கம்மா ஊர்லேர்ந்து வர்றதையே நிறுத்திட்டாங்கம்மா. ஏன்னு கேட்டா வேற ஏதேதோ சொல்றாங்க" என்றார். லாரிகளைப் பார்த்து, "கொஞ்சம் சும்மா இருங்கப்பா" என்று அதட்டினார். கொக்கி, சங்கிலி, பின்விளக்கு எல்லாம் பார்த்தார். "சுற்றுலான்னு எழுதியிருக்கீங்களே சார்" என்று மட்டும் என்னிடம் கேட்டார். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் உண்மைக் காரணத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

கோப்பை நகர்த்தும் என்று கர்த்தரிடம் கேட்டேன். அவர் ஊரையே நிறுத்திவைத்து, நான் மறைத்ததை எஸ்தர் வாயால் சொல்ல வைத்தார். இப்போதெல்லாம் என் ஜெபம் ஒரு வரிதான். உங்களுக்கும் வெளியே சொல்லக் கூசுகிற தேவை ஒன்று இருக்கும். சுற்றுலா என்று எழுதாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள், அவருக்குக் கூச்சம் கிடையாது.

தபால்காரர் அன்று தானாகவே எங்கள் கேட்டில் நின்று மணி அடித்தார். பதிவுச் சான்று. எஸ்தர் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, காரில் ஏறி உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டாள். 2007 ஏப்ரல் 5, பெரிய வியாழக்கிழமை. ஈஸ்டருக்கு இன்னும் மூன்று நாள்.